பதினொண்ணாவது கொக்கி

கொக்கியில பத்து கோட்டும் தொங்குச்சு. பாத்தேன், பூட்டினேன். இதுல என் தப்பு எங்க வருதுன்னு சொல்லுங்க பாப்போம். ஒன்பது வருஷமா அதே கதவு, அதே சாவி, ஒரு நாள் பிசகினது கிடையாது. மீன் கம்பெனியில எல்லாருக்கும் நான் சாவியக்காதான். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவாரு. வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரரும் கிண்டலா, "என்ன சாவியக்கா, இன்னிக்கு எத்தனை பேர பூட்டின?"ன்னு கேப்பாரு. இப்ப கேக்கிறதில்ல.

எங்க வேலை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. வர்ற மீனை வெட்டி, கழுவி, தட்டுல அடுக்கி உறைய வெப்போம். உறைஞ்சத அட்டைப்பெட்டியில போட்டு ஃப்ரீசர் ரூம்ல அடுக்குவோம். ஃப்ரீசர்னா வீட்டுல குழம்பு வெக்கிற பெட்டின்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு லாரி உள்ள நிக்கும். மைனஸ் இருபது. உள்ள போய் நாலு மூச்சு விட்டா மூக்கு முடியில ஐஸ் கட்டும். கதவு ஒரு முழம் தடிமன். உள்ள நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் வெளிய ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட வராது.

அதனாலதான் கொக்கி. கதவுக்கு வெளிய சுவத்துல வரிசையா ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் நம்பர் போட்ட கொக்கி. ஆளுக்கு ஒரு தடி கோட்டு. உள்ள போறவ தன் கோட்ட மாட்டிக்கிட்டுப் போவா, வந்ததும் தன் கொக்கியில தொங்கவிடுவா. கொக்கி காலியா இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். எல்லாக் கொக்கியும் நிறைஞ்சிருந்தா நான் பூட்டலாம். தலைய எண்ணுறது, பேர் கூப்பிடுறது எதுவும் கிடையாது. முன்னாடி பேர்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. பத்து பொம்பளைங்க பேசுற பேச்சுல யாரு ஆஜர், யாரு இல்லன்னே தெரியாது. கொக்கி போடலாம்னு சொன்னவளே நான்தான். "சாவியக்கா, நீங்க எஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்"னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. ஒரு வாரம் எனக்குத் தல கால் புரியல.

பத்து கொக்கிக்குப் பத்து பேர் இருந்தோம். பதினொண்ணாவதா அவ வந்தா.

அக்கரைக்காரி. தண்ணிக்கு அந்தப் பக்கம் சண்டை, வீட்ட எல்லாம் கொளுத்திட்டாங்கன்னு படகுல ஏறி வந்த கூட்டம் ஒண்ணு துறைமுகத்துக்குப் பின்னாடி இருக்கிற பழைய கிடங்குல இருக்கு. அதுல ஒருத்தி. புருஷன் துறைமுகத்துல மூட்டை தூக்குறான், ஒரு பொண்ணு பள்ளிக்கூடம் போகுது. இவளுக்கு முப்பது வயசு இருக்கும். உயரமா, எலும்பா இருப்பா. இங்க தங்கிக்கலாம்னு அவங்களுக்கு கவர்மெண்ட்ல ஒரு கார்டு கொடுப்பாங்க. கார்டு பொண்டாட்டி பேர்லயோ புருஷன் பேர்லயோ இருக்கும், இவங்க குடும்பத்துக்கு இவ பேர்ல. வேலை இருக்கிற வரைக்கும்தான் கார்டு. வேலை போச்சுன்னா ஏழு நாள்ல குடும்பத்தோட படகுல ஏத்தித் திருப்பி அனுப்பிடுவாங்க. திரும்பிப் போனா என்ன ஆகும்னு வாட்ச்மேன் கேட்டதுக்கு, அவ புருஷன் ஒரு விரல கழுத்துல குறுக்கால இழுத்துக் காட்டினானாம். என் நாத்தனாரும் எங்க ஷிஃப்ட்லதான் இருக்கா, ஏழாம் நம்பர் கொக்கி. அவ அதை நடிச்சு நடிச்சுக் காட்டுவா. நாங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்போம்.

அவ வந்த அன்னிக்கே தச்சர் ஆணியும் கொக்கியுமா வந்து நின்னாரு. "சாவியக்கா, பதினொண்ணு எங்க அடிக்கட்டும்?"

"எங்கயும் வேணாம். சுவரு தாங்காது"ன்னேன்.

"சுவருக்கு என்னக்கா? கான்கிரீட்டு."

"வேணாம்னா விடுங்களேன். உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

மனுஷன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு. நாத்தனார்தான் காரணம்னு பின்னாடி வீட்டுல சொன்னேன். "அவ கோட்டு நம்ம கோட்டு மேல உரசக் கூடாது, அவங்க குளிக்கிறதே இல்ல"ன்னு அவ சொன்னாளாம், நான் விட்டுக்கொடுத்தேனாம். இங்க மறைச்சு என்ன ஆகப் போகுது? அவ அப்படிச் சொன்னது ரெண்டு நாள் கழிச்சு. முதல்ல மூக்கச் சுளிச்சவ நான். பத்தாம் நம்பர் என்னுது. பதினொண்ணு அடிச்சா எனக்குப் பக்கத்துல வரும்.

அதனால அவ கோட்டு கழுவுற தொட்டிக்குப் பின்னாடி ஒரு உடைஞ்ச தள்ளுவண்டி மேல கிடக்கும். கதவுகிட்ட நின்னு பாத்தா தெரியாது. தினமும் காலையில அது ஈரமா இருக்கும். அவ ரெண்டு மூணு தடவை என்கிட்ட வந்து கொக்கியக் காட்டி, தன்னைக் காட்டி, கையால கேட்டா. நான் வேற பக்கம் பாப்பேன். ஒரு நாள் தொட்டித் தண்ணி வழிஞ்சு வண்டியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு போல. நான் போய்ப் பாக்குறேன், என் பத்தாம் நம்பர்ல, என் கோட்டு மேல, அவ கோட்டு.

வந்துச்சே ஒரு கோபம்! பிடுங்கி தரையில அடிச்சேன். மீன் கழுவின தண்ணி ஓடுற தரை. அடிச்சது பத்தாதுன்னு பூட்ஸ் காலால ஒரு தள்ளு தள்ளினேன், சாக்கடை ஓரம் வரைக்கும் போச்சு. மத்த ஒன்பது பேரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. அவ குனிஞ்சு எடுத்தா. எடுத்துட்டு என்னைப் பாத்து சிரிச்சா. என்ன சிரிப்புங்கிறீங்க, ஏதோ அவ என் காலை மிதிச்சுட்ட மாதிரி, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ற சிரிப்பு. அந்த சிரிப்பப் பாத்ததும் இன்னும் நாலு போடலாம்னு கை துறுதுறுத்துச்சு. அவ அழுதிருந்தா நான் விட்டிருப்பேனோ என்னமோ.

பெட்டி அடுக்குறப்ப ஜோடி ஜோடியா நிக்கணும். அவகூட நிக்க யாரும் வரமாட்டேன்னுட்டாங்க, கடைசியில என் தலையில கட்டினாங்க. ஏழு மாசம் பக்கத்துல பக்கத்துல நின்னோம். அவ முணுமுணுத்துக்கிட்டே வேலை செய்வா. கேட்டுக் கேட்டு அவங்க பேச்சு எனக்கு ஓரளவு ஒட்டிக்கிச்சு. பாதிக்கு மேல புரியும். இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. சொன்னா என்னை அக்கரைக்காரியாக்கிடுவாங்க, எங்க பொம்பளைங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?

சரி, அன்னிக்கு நடந்தது. மதியம் பன்னெண்டுக்கு சாப்பாட்டு மணி. எல்லாரும் வந்து கோட்டக் கொக்கியில மாட்டினாங்க. நான் வரிசைய ஒரு பார்வை பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, பத்து வரைக்கும் தொங்குது. பூட்டினேன். சாவி என் இடுப்புல.

சாப்பாட்டு டப்பாவத் திறந்து உக்காந்தோம். யாரோ, "அக்கரைக்காரியக் காணோமே?"ன்னா.

"அவ என்னிக்கு நம்ம கூட சாப்பிட்டிருக்கா? அவங்க ஆளுங்க கூட எங்கயாச்சும் தின்னுக்கிட்டிருப்பா. உனக்கு ஊட்டிவிடணுமா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சோம்.

ஒரு மணிக்கு லாரி வரணும், வரல. லாரி வந்தாத்தான் ரூம திறப்போம். சும்மா திறந்தா குளிர் போகும், சூப்பர்வைசர் கத்துவாரு. அதனால உக்காந்து கதை பேசினோம். நாத்தனார் ஒரு ஜோக் சொன்னா, எதைப் பத்தின்னு இப்ப ஞாபகம் இல்ல, நல்ல ஜோக்கு. ஒண்ணே முக்காலுக்கு லாரி ஹாரன் அடிச்சுச்சு. எழுந்து கதவுகிட்ட போயி சாவிய உள்ள விடுறேன். அப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துச்சு. மணி அடிக்கப் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி, "பின்வரிசைப் பெட்டிய சரியா அடுக்கிட்டு வா"ன்னு கையக் காட்டி அவள உள்ள அனுப்பினது நான்தான்.

கதவத் திறந்தேன். வாசல்லயே கிடந்தா. கதவுக்கு உள்பக்கம் அவசரத்துக்குத் தள்ளித் திறக்க ஒரு பிடி இருக்கும். அது ஐஸ் ஏறி ரெண்டு வருஷமா கல்லா கிடக்கு, சூப்பர்வைசருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பெயர்க்கப் பாத்திருக்கா. கையுறை ஈரம், அது விறைச்சுப் போச்சுன்னு கழட்டி எறிஞ்சுட்டு வெறுங்கையால பிடிச்சிருக்கா. பிடியில தோல் ஒட்டியிருந்துச்சு. ரெண்டு கையிலயும் விரல் மெழுகு நிறத்துல இருந்துச்சு. கண்ணு திறந்திருந்துச்சு. என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா, அதான் கொடுமை. நான் தூக்கினேன். வேற யாரும் கிட்ட வரல, நான்தான் தூக்கி வெளிய கொண்டு வந்தேன். அவ தலை என் தோள்ல கிடந்துச்சு. வாய் அசைஞ்சுச்சு. அவங்க பேச்சுல "குளிருது, குளிருது"ன்னா.

ஆஸ்பத்திரியில மூணு வாரம் வெச்சுப் பாத்துட்டு, கறுத்துப்போன ஆறு விரல எடுத்துட்டாங்க.

நான் அழுதேன், பொய் சொல்லல. அது நடந்து ரெண்டு நாள் சோறு இறங்கல. மூணாவது நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு கொக்கி வரிசைக்கு முன்னாடி நிறுத்தினாரு.

"லேபர் ஆபீசர் வருவாங்க. பதினொரு பேருக்குப் பத்து கொக்கி ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

நான் பத்தாவது கொக்கிக்குப் பக்கத்துல காலியா இருந்த சுவத்தப் பாத்தேன்.

"அந்தப் பிடிய நான் பாத்துக்கிறேன்"னாரு. "கொக்கிய நீங்க பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் பேச்சு. அன்னிக்கு சாயங்காலமே பிடியில இருந்த ஐஸ் போச்சு, எண்ணெய் போட்டு வழுவழுன்னு ஆயிடுச்சு. தச்சர் வந்து பதினொண்ணாவது கொக்கிய அடிச்சாரு. இந்தத் தடவை எங்க அடிக்கணும்னு என்னைக் கேக்கல. ஆனா புதுக் கொக்கி பளபளன்னு பல்லக் காட்டுச்சு. பெயிண்ட்ல போட்ட நம்பரும் அப்பதான் போட்டதுன்னு குழந்தைகூடச் சொல்லும். "இது வேலைக்கு ஆகாது, தள்ளுங்க"ன்னேன். உப்புத் தண்ணியில துணிய நனைச்சுக் கொக்கி மேல சுத்தி ஒரு வாரம் வெச்சேன், அழகா துரு பிடிச்சுச்சு. நம்பர் மேல டீ டிகாக்ஷனத் தொட்டுத் தேச்சேன். கோட்டு உரசி உரசி சுவத்துல அழுக்குத் தடம் விழுமில்ல, அதுக்கு என் கோட்டையே எடுத்து அந்த இடத்துல தினம் அரை மணி தேய்ப்பேன். பத்தாவதையும் பதினொண்ணாவதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எது பழசுன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

கொக்கி வந்தாச்சு, இனி அதுக்கு ஒரு கதை வேணுமே? கொக்கியில கோட்டு தொங்குச்சு, ஆனா ஆள் உள்ள இருந்தா. எப்படி? பத்து பேரும் சேந்து பின்னினோம். ஒருத்தி சொன்னா, நம்ம ஸ்டோர் ரூம்ல பழைய கோட்டு நாலு கிடக்கே, அதுல ஒண்ணப் போட்டுக்கிட்டுப் போயிருப்பான்னு. இன்னொருத்தி, "தன் கோட்டக் கொக்கியிலயே விட்டுட்டு ஏன் பழசப் போடணும்?"னா. உடனே நாத்தனார், "ஏன்னா? மீன் திருட! சாப்பாட்டு நேரத்துல ஆள் இல்லாதப்ப எடுத்து வெச்சுக்கலாம்னு ஒளிஞ்சிருக்கா"ன்னா. அப்புறம் ஒருத்தி, "ஆமாம்டி, நான்கூட ஒரு நாள் அவ பை கனமா இருந்ததப் பாத்தேன்"னா. ரெண்டாவது வாரம் முடியுறதுக்குள்ள அவ திருடினத மூணு பேர் கண்ணால பாத்துட்டாங்க. நாலாவது வாரத்துல, விரல் போனாலும் உயிர விட்டாங்களேன்னு அவ நன்றி சொல்லணும்னு பேச ஆரம்பிச்சாங்க. யாரும் யாரையும் மிரட்டல. யாரும் கேட்டுக்கவும் இல்ல. அவங்கவங்க ஒரு கை மண்ணப் போட்டாங்க, குழி நிறைஞ்சுது.

விசாரணைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில வெங்காயம் நறுக்கிக்கிட்டிருக்கேன், வாசல்ல ஆள். அவ புருஷன். சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு, தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான். எதிர்வீட்டு ஜன்னல்ல ரெண்டு தலை எட்டிப் பாக்குது.

அவனுக்கு நம்ம பேச்சு தட்டுத்தடுமாறி வரும். ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சான். "நீங்க கதவு திறந்தீங்க. நீங்க தூக்கினீங்க. அவ சொன்னா, நல்ல அக்கா."

நான் வெங்காயத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்.

"கம்பெனி சொல்றான், அவ தப்பு. அவ தப்புன்னா கார்டு இல்ல. கார்டு இல்லன்னா படகு." கழுத்துல விரல் இழுத்துக் காட்டல, அதுவரைக்கும் நல்லது. "எங்க அண்ணன் அங்க திரும்பிப் போனான். மூணு நாள் இருந்தான். அப்புறம் இல்ல. எனக்குப் பொண்ணு இருக்கு. நீங்க ஒண்ணு சொல்லுங்க. கொக்கி இல்ல. அவ்வளவு போதும். கொக்கி இல்ல, சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நீ கிளம்பு"ன்னேன்.

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்யா! போ!"

அவன் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போனான். எதிர்வீட்டுத் தலைங்க உள்ள போச்சு. என் வீட்டுக்காரர் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு.

"உண்மைதானே கேக்கிறான், சொல்லித் தொலையேன்"னாரு.

"சொல்றேன். கொக்கி அடிக்க விடலன்னு சொன்னா என் வேலை போகும். கோட்டு உரசக் கூடாதுன்னு சொன்னவ யாருன்னு கேப்பாங்க, உங்க தங்கச்சி வேலையும் போகும். திருடினான்னு கதை கட்டினதும் அவதான், அது கேஸாகும். தங்கச்சி புள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு இங்க வந்து உக்காருவா. சொல்லட்டுமா?"

அவரு என்னை நிமிந்து பாத்தாரு. அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அவர் கேட்ட கேள்வி அதோட முடிஞ்சுது. மனுஷன் ரொம்ப நல்லவரு, எல்லாரும் சொல்லுவாங்க.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் வந்தாங்க. கண்ணாடி போட்ட அம்மா, கால் வீங்கி செருப்பு வாரு இறுக்கிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு அவங்களுக்கு இது நாலாவது கம்பெனியாம். எங்க எல்லாரையும் கொக்கி வரிசைக்கு முன்னாடி நிக்க வெச்சாங்க. பேச்ச மாத்திச் சொல்ல மேனேஜர் ஒரு ஆளப் பிடிச்சுக் கொண்டு வந்திருந்தாரு. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, அக்கரை ஆளுதான், ஆனா வந்து இருபது வருஷம் ஆச்சாம். கடைசியா அவள அழைச்சுக்கிட்டு வந்தாங்க. ரெண்டு கையும் வெள்ளைக் கட்டு, முன்னாடி நீட்டிப் பிடிச்சிருந்தா. என்னைப் பாத்ததும் முகம் மலர்ந்துச்சு. கூட்டத்துல தெரிஞ்ச முகத்தப் பாத்துட்ட நிம்மதி அது.

"சாவி வெச்சிருக்கிறது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"இவங்களுக்குக் கொக்கி இருந்துச்சா?"

தொண்டை வரைக்கும் வந்துச்சு. இல்லன்னு ஒரே சொல்லு. பக்கத்துல நாத்தனார் மூச்சு விடாம நிக்கிறது தெரிஞ்சுது.

"இருந்துச்சுங்க மேடம். பதினொண்ணு. வந்த நாள்லேருந்து."

"அன்னிக்கு அதுல கோட்டு தொங்குச்சா?"

"தொங்குச்சுங்க. அதனாலதான் பூட்டினேன்."

அந்த அம்மா கொக்கியத் தொட்டுப் பாத்தாங்க. விரல்ல துரு ஒட்டுச்சு. கைக்குட்டையில துடைச்சுக்கிட்டு அவ பக்கம் திரும்பினாங்க. "இது உங்க கொக்கியான்னு கேளுங்க."

இஸ்திரி சட்டை கேட்டான். அவ மெதுவா முன்னாடி வந்தா. கொக்கியப் பாத்தா, நம்பரப் பாத்தா. கட்டுப் போட்ட கையத் தூக்கி அந்தப் பதினொண்ண லேசா தொட்டா. பத்துக்குப் பக்கத்துலயே இருக்குன்னு கவனிச்சா. அப்புறம் நேரா என்னைப் பாத்து, அவங்க பேச்சுல சொன்னா: "எனக்கா இது? நான் ஆஸ்பத்திரியில இருக்கிறப்ப போட்டீங்களா? முன்னாடி இல்லையே. நீ போட்டியா எனக்கு? உனக்கு ரொம்ப நன்றி."

ஒரு எழுத்து விடாம எனக்குப் புரிஞ்சுது.

இஸ்திரி சட்டை வாயத் திறந்தான், மூடினான். மேனேஜர் தொண்டையச் செருமினாரு. உடனே அவன், "ஆமாம் மேடம், அவங்க கொக்கிதானாம். எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க"ன்னான்.

"நன்றியா? எதுக்கு?"

"கம்பெனி ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்துக்கிச்சே மேடம், அதுக்கு."

ஆபீசர் பேனாவ எடுத்தவங்க எழுதாம நிறுத்தினாங்க. அவ இவ்வளவு நீளமா பேசினத இவன் இத்துனூண்டா சொல்றானேன்னு அவங்களுக்கும் பட்டிருக்கணும். எங்க பத்து பேரையும் ஒரு தடவை பாத்தாங்க. "இவங்க பேசுறது இங்க வேற யாருக்காவது புரியுமா?"

அப்பவும் நேரம் இருந்துச்சு. கதை, துரு, டீத்தண்ணி எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், கைய மட்டும் தூக்கியிருந்தா போதும். இது கொக்கி இல்ல, இது என் பொய்ன்னுகூட நான் சொல்ல வேணாம், அவ சொன்னத அப்படியே திருப்பிச் சொன்னா போதும்.

"அந்தப் பேச்சு எங்களுக்கு எதுக்கு மேடம்? மீனுக்கே அது புரியாது"ன்னா நாத்தனார்.

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ஆபீசரும் உதட்டோரம் சிரிச்சாங்க. ஏன் சிரிக்கிறோம்னு தெரியாம அவளும் எங்களோட சேந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சாங்க. நடையில அவ தனியா நின்னு ஜாக்கெட் ஜிப்ப பல்லால இழுக்கப் பாத்துக்கிட்டிருந்தா. புருஷன கேட்டுக்கு உள்ள விடல, வெளிய நிக்கிறான். நான் கண்டும் காணாம போயிருக்கலாம். போனேன், ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன். இவ்வளவு கிட்ட நின்னா அவகிட்ட ஆஸ்பத்திரி சோப்பு வாசனை மட்டும்தான் வந்துச்சு.

அவ நம்ம பேச்சுல கேட்டா, புருஷன்கிட்ட கத்துக்கிட்டிருப்பா. "வேலை... நான்... எப்போ?"

"திங்கக்கிழமை. திங்கக்கிழமை வா"ன்னேன்.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. கேக்கிறதுக்கு உங்களுக்கு என்ன உரிமை இருக்கு? அவ என் கண்ணு முன்னாடியிலேருந்து போனா போதும்னு இருந்துச்சு, போகவெக்க அந்த ஒரு வார்த்தைதான் கிடைச்சுது. அவ கட்டுப் போட்ட ரெண்டு கையாலயும் என் கைய அமுக்கினா. வெளிய போய் புருஷன்கிட்ட என்னைக் காட்டி ஏதோ சொன்னா. அவன் தூரத்துலேருந்தே கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமை அறிக்கை வந்துச்சு. சொந்தக் கவனக்குறைவு, விதிமீறல், திருட்டு சந்தேகம். கம்பெனி மேல தப்பில்ல. நாத்தனார் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தா.

திங்கக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு நான் கேட்டுகிட்ட வர்றேன், அவ நிக்கிறா. தலைய வாரி, அதே ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வந்திருக்கா. ரெண்டு கட்டுக்கும் நடுவுல ஒரு காகிதத்த இடுக்கிப் பிடிச்சிருக்கா. அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் அவளுக்குப் படிச்சுக் காட்டல போல. வாட்ச்மேன் படிச்சுட்டுத் தலையாட்டுறான்.

"அம்மா, இது வேலை இல்லன்னு வந்த லெட்டர். ஏழு நாள்ல ஊரை விட்டுப் போகணும்னு போட்டிருக்கு. இதை எடுத்துக்கிட்டு உள்ள எங்க போறீங்க?"

அவளுக்கு ஏதோ சரியில்லன்னு மட்டும் புரிஞ்சிருக்கு. சுத்திமுத்திப் பாத்தா. என்னைப் பாத்துட்டா. கையத் தூக்கி என்னைக் காட்டினா. "அக்கா. அக்கா சொன்னா, வா."

வாட்ச்மேன் திரும்பினான். "சாவியக்கா, நீங்கதான் வரச் சொன்னீங்கன்னு நிக்கிறா. உங்க ஆளா?"

பின்னாடி நாத்தனாரும் மத்தவங்களும் வந்துக்கிட்டிருக்காங்க. அவங்க செருப்புச் சத்தம் கேக்குது.

"இல்ல. எங்க ஆள் இல்ல"ன்னேன்.

ஏழு மாசம் எங்க நடுவுல நின்னவ. அந்த மூணு வார்த்தை அவளுக்குப் புரியாம இருக்குமா? தூக்கின கைய மெதுவா இறக்கிட்டா. எட்டு மணிக்கு ரூம் திறக்கணும், நான் உள்ள போயிட்டேன்.